இம்மியளவு இரும்பு

மனிதன் மண்ணிலிருந்து உருவானவன் என்பதை நாம் எத்தனையோ முறை மறையுரையில் எடுத்துரைத்திருக்கிறோம். சாம்பற் புதனன்று இறைமக்களின் நெற்றியில் சாம்பல் பூசும்போதும் அதையே நினைவூட்டுகிறோம். ஆனால் மனிதனுக்குள் இருக்கும் அந்த மண் எது, அது எவ்வளவு, அங்கே அது என்ன வேலை செய்கிறது என்னும் கேள்வி, ஏறத்தாழ முப்பதாண்டுக் குருத்துவ வாழ்வில் நம் உள்ளத்தில் எழுந்ததே இல்லை. அதை எழுப்பியவள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. அவள் வாய்திறந்து ஏதும் கேட்கவில்லை. சிலேட்டுக் குச்சியைத் தின்றாள், அவ்வளவே.

சென்ற ஆண்டில் ஒரு நாள் மாலைத் திருப்பலி முடிந்து பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். நாற்பதை நெருங்கும் ஒருவர் ஒரு சிறுமியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"தோத்திரம் சாமி. என்னைத் தெரியுதா?"

முகம் எங்கோ பார்த்த முகமாக இருந்தது. பெயர் நினைவுக்கு வரவில்லை.

"போர்டிங்குல சிலேட்டுக்குச்சி தின்னு மாட்டிக்கிட்டேனே, அந்தப் பையன் சாமி" என்று சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

கொத்து வேலை செய்பவர். வேலையை முன்னிட்டு அண்மையில்தான் நம் பங்கின் எல்லைக்குள் குடிவந்திருந்தார். மகள் முதல் வகுப்பில் படிக்கிறாள். சாக்குக் கட்டி, சிலேட்டுக் குச்சி எது கிடைத்தாலும் தின்றுவிடுகிறாள் என்று ஆசிரியை அழைத்துச் சொல்லியிருக்கிறார். வீட்டிலும் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டுகிறாள். மழை பெய்து ஓய்ந்தால் வாசல் மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்கிறாள். பாட்டி கயிறு மந்திரித்துக் கட்டிப் பார்த்தாள். தாய் அடித்தும் பார்த்துவிட்டாள்.

"அடிச்சா நிக்குமா சாமி?" என்று கேட்டவர், நம் விடைக்குக் காத்திராமல் தாமே தொடர்ந்தார்: "எனக்கு நிக்கல. நீங்க மண்டி போட வச்ச பிறகு ஒளிச்சு ஒளிச்சுத் தின்னேன்."

அவர் குரலில் குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். அதுவே நம்மை அதிகம் தைத்தது.

குருப்பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டு அது. உதவிப் பங்குத்தந்தையாக இருந்த இடத்தில் மாணவர் விடுதியின் பொறுப்பும் நம்மிடம் தரப்பட்டிருந்தது. ஒழுங்கு என்றால் உயிரையும் கொடுக்கத் துணிந்திருந்த வயது. சிறிய வகுப்புப் பிள்ளைகளின் சிலேட்டுக் குச்சிகள் காணாமற்போகின்றன என்று புகார் வந்தது. தேடியபோது, பன்னிரண்டு வயதிருந்தும் ஒன்பது வயதுப் பிள்ளையைப்போல் தோன்றிய ஒரு சிறுவனின் பெட்டியில் அவற்றின் துண்டுகள் அகப்பட்டன. திருடுவது ஒரு குற்றம். தின்னத் தகாததைத் தின்பது அதனினும் அருவருப்பான குற்றம் என்று நாம் தீர்ப்பளித்தோம். மூன்று இரவுகள், மற்றப் பிள்ளைகள் உண்டு முடிக்கும் வரை, உணவறையின் வாயிலில் அவனை மண்டியிட்டிருக்கச் செய்தோம். அதன் பின்னர் அவனுக்குச் சோறு மிஞ்சியிருந்ததா என்று நாம் கேட்டறியவில்லை. அவனைப் பற்றிய விடுதிக் குறிப்பேட்டில், "மந்தமானவன், படிப்பு நேரத்தில் உறங்குகிறான்" என்று எழுதியதும் நாமே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த விடுதியின் சமையற் கணக்கும் நம் கையில்தான் இருந்தது. காலையில் கஞ்சி, நண்பகலிலும் இரவிலும் சோறும் நீர்த்த சாம்பாரும், வாரத்துக்கு ஒரு நாள் கீரை, பெரிய திருநாட்களில் முட்டை. மாத முடிவில் கணக்கில் மிச்சம் காட்டினால் மேலிடத்தில் நல்ல பெயர். அந்த மிச்சத்தை எழுதிய பேனா நம்முடையது.

மறுநாட் காலை தந்தையையும் மகளையும் மருந்தகம் நடத்தும் அருட்சகோதரியிடம் அழைத்துச் சென்றோம். சகோதரி செவிலியர், துறவறம் புகுமுன் கல்லூரியில் வேதியியல் பயின்றவர். சிறுமியின் கீழிமையை விரலால் மெல்லக் கீழிழுத்துக் காட்டினார். "பாருங்க ஃபாதர், சிவப்பா இருக்கவேண்டிய இடம் வெளுத்துக் கிடக்கு" என்றார். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்ததில் ஹீமோகுளோபின் 7.2 கிராம் என்று தெரிந்தது. அவள் வயதில் நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 11.5 கிராமாவது இருக்கவேண்டும்.

"இதைக் கெட்ட பழக்கம்னு நினைச்சு அடிக்காதீங்க. இரும்புச் சத்து குறைஞ்ச பிள்ளைங்க பல பேரு இப்படித்தான் மண்ணையும் சுண்ணாம்பையும் தேடும்" என்று தந்தையிடம் சொல்லி, அரசு மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார் சகோதரி. அங்கே குடற்புழுவுக்கு மருந்தும், இரும்புச் சத்து டானிக்கும் கொடுத்தார்கள்.

அன்று மாலை சகோதரியிடம் நாம் கேட்டோம்: "இரும்பு என்றால் நாம் அறிந்தது ஆணியும் கடப்பாரையும்தான். ஒரு குழந்தையின் உடலுக்குள் அதற்கு என்ன வேலை?" சகோதரி சிரித்துக்கொண்டே சமையலறையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை வரவழைத்தார். அதிலிருந்து இரண்டு வில்லைகள் அரிந்து, ஒன்றை நன்கு வேகவைத்தார். மருந்தகத்திலிருந்த ஹைட்ரஜன் பெராக்சைடைப் பச்சை வில்லையின்மீது சில துளி விட்டதும் அது நுரைத்துப் பொங்கிற்று. வெந்த வில்லையின்மீது விட்டபோது ஒன்றும் நிகழவில்லை. இரண்டும் ஒரே கிழங்கு. இரண்டிலும் ஊற்றியது ஒரே மருந்து.

பச்சைக் கிழங்கில் கேட்டலேஸ் என்னும் நொதி உள்ளது. உயிரணுக்களில் நிகழும் வேதிவினைகளை விரைவுபடுத்தித் தாம் மாறாது நிற்கும் புரதங்களையே நொதிகள் என்கிறோம். உடலுக்குள்ளும் ஹைட்ரஜன் பெராக்சைடு இடைவிடாமல் உண்டாகிறது. தேங்கினால் உயிரணுவையே அழிக்கக்கூடிய அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடுவது கேட்டலேசின் பணி. ஒரே ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு ஒரு நொடியில் பல பத்து லட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளைப் பிரிக்கிறது. அந்தப் பெரும் புரதத்தின் நடுவில், 'ஹீம்' எனப்படும் வளையத்துக்குள் ஓர் இரும்பு அணு அமர்ந்திருக்கிறது. வினை நிகழும் இடம் அதுதான். வேகவைத்த கிழங்கிலும் அந்த இரும்பு இருக்கிறது. ஆனால் சூட்டினால் புரதத்தின் மடிப்புகள் குலைந்து, இரும்புக்கு இருந்த இருக்கை சிதைந்துவிட்டது. இரும்பு உப்பை மட்டும் கரைத்துப் பெராக்சைடில் விட்டாலும் இதே வினை நிகழும், ஆனால் மிக மெதுவாக. உலோகமும் புரதமும் உரிய விதத்தில் இணையும்போதுதான் இத்தனை வேகம் பிறக்கிறது.

அந்தக் கிழங்கு வில்லைகள் நம்மை விடவில்லை. சகோதரியிடமிருந்த பழைய ஊட்டச்சத்தியல் பாடநூலில் தொடங்கி, கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்தோம். படித்தவற்றுள் வாசகர்க்குப் பயன்படும் சிலவற்றை இங்கே பகிர விழைகிறோம்.

எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் உள்ள இரும்பு ஏறத்தாழ நான்கு கிராம். நம் பெண்களுக்குப் புரியும் கணக்கில் சொன்னால், அரைச் சவரன் எடை. துத்தநாகம் இரண்டு கிராம், அதாவது கால் சவரன். தாமிரமோ ஒரு குன்றிமணி எடையைத் தாண்டாது. கோபால்ட் ஓரிரு மில்லிகிராம் மட்டுமே. இவையெல்லாம் உடலில் உலோகத் துண்டுகளாக இல்லை. எலக்ட்ரான்களை இழந்து நேர்மின்னூட்டம் பெற்ற அயனிகளாக, பெரும்பாலும் புரதங்களின் பிடிக்குள் இருக்கின்றன.

அரைச் சவரன் இரும்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, இரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் உள்ளது. திறந்த வெளியில் ஈரமும் காற்றும் பட்ட இரும்பு துருப்பிடித்துவிடுகிறது. ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு திருப்பித் தர மறுக்கிறது என்று அதைக் கூறலாம். ஹீமோகுளோபினின் மடிப்புக்குள் அமர்ந்த இரும்போ நுரையீரலில் ஆக்சிஜனைப் பெற்று, தேவைப்படும் திசுவில் விட்டுவிடுகிறது. எஞ்சிய இரும்பில் ஒரு பகுதி சேமிப்பில் இருக்கிறது. மிகச் சிறிய பகுதி நொதிகளில் இருக்கிறது. மூளையில் டோபமின் என்னும் பொருள் உருவாவதற்குத் தேவையான நொதி ஒன்றிலும் இரும்பு உண்டு. ஊக்கமும் கவனமும் அப்பொருளோடு தொடர்புடையவை. இரும்புக் குறையுள்ள பிள்ளை சோர்ந்திருப்பதற்கு இரத்தம் வெளுத்திருப்பது மட்டும் காரணமன்று. "மந்தமானவன்" என்று நாம் எழுதிய அந்தக் குறிப்பேடு நினைவுக்கு வந்தது. குறிப்பேட்டில் எழுதத் தெரிந்த நமக்கு அவன் கண்ணிமையைப் பார்க்கத் தெரியவில்லை.

துத்தநாகத்தின் பணி வேறு விதமானது. திசுக்களில் உண்டாகும் கரியமில வாயுவின் பெரும்பகுதி பைகார்பனேட்டாக மாறித்தான் இரத்தத்தில் பயணம் செய்கிறது. நுரையீரலை அடைந்ததும் மீண்டும் வாயுவாகி மூச்சில் வெளியேறுகிறது. நுரையீரலின் நுண்குழாயில் இரத்தம் தங்குவதோ ஒரு நொடிக்கும் குறைவான நேரம். இம்மாற்றம் தானாக நிகழ விட்டால் அந்நேரம் போதாது. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி இதை விரைவுபடுத்துகிறது. 1940ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் கெய்லினும் மானும் இந்நொதியில் துத்தநாகம் இருப்பதை வெளிப்படுத்தினர். புரதத்தின் மூன்று ஹிஸ்டிடின் கரங்கள் ஒரு துத்தநாக அயனியைப் பற்றியிருக்கின்றன. நான்காம் பக்கத்தில் ஒரு நீர் மூலக்கூறு வந்து ஒட்டிக்கொள்கிறது. துத்தநாகத்தின் நேர்மின்னூட்டம் நீரைத் தன்பால் இழுப்பதால், நீர் தன் ஹைட்ரஜன் ஒன்றை எளிதில் விட்டுவிடுகிறது. எஞ்சிய பகுதி அருகில் வரும் கரியமில வாயுவோடு உடனே இணைந்து பைகார்பனேட் ஆகிறது. அது விலகியதும் அடுத்த நீர் மூலக்கூறு அங்கே வந்து அமர்கிறது. இவ்வாறு ஒரு நொடியில் ஏறத்தாழ பத்து லட்சம் முறை நிகழ்கிறது. துத்தநாகம் இடம் பெயர்வதில்லை, செலவாவதுமில்லை. இவ்வரியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் உங்கள் இரத்தத்தில் இவ்வினை எத்தனை கோடி முறை நிகழ்ந்திருக்கும் என்பதை எண்ணிப்பாருங்கள்.

இத்தகைய உலோகங்கள் அளவில் மிகச் சிறியனவாதலால் அறிஞர் கண்ணுக்கே நெடுநாள் தப்பியதுண்டு. வயலில் இடும் யூரியாவை அம்மோனியாவாகப் பிரிக்கும் யூரியேஸ் என்னும் நொதியை, தம்பட்டங்காய் இனத்தைச் சேர்ந்த ஓர் அவரை விதையிலிருந்து அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர் 1926ஆம் ஆண்டில் படிகமாகப் பிரித்தெடுத்தார். நொதி என்பது புரதமே என்று உலகுக்குக் காட்டிய முதல் படிகம் அது. இளமையில் வேட்டைக்குச் சென்றபோது நேர்ந்த விபத்தில் ஒரு கையை இழந்தவர் சம்னர். ஒற்றைக் கையால் ஆய்வகத்தில் உழைத்து, 1946இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அந்தப் படிகத்துக்குள் நிக்கல் இருப்பது 1975ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. அந்நொதியின் ஒவ்வொரு சங்கிலியிலும் 840 அமினோ அமிலங்கள். அவற்றிடையே இரண்டே இரண்டு நிக்கல் அணுக்கள். அவற்றை நீக்கிவிட்டால் யூரியேஸ் வேலை செய்யாது. ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் உலகின் ஆய்வகங்களெல்லாம் கையாண்ட ஒரு பொருளில், அதற்கு வேலைத்திறன் தந்த உலோகம் ஒருவர் கண்ணிலும் படவில்லை!

நம்மை நெடுநேரம் புத்தகத்தை மூடிவைக்கச் செய்த பகுதி இனி வருவது. பீகாரில் பிறந்து, பாட்னாவில் மருத்துவம் பயின்று, அமெரிக்காவில் மேற்படிப்பை முடித்த ஆனந்த பிரசாத் என்னும் மருத்துவர் 1958ஆம் ஆண்டில் ஈரான் நாட்டு ஷிராஸ் நகருக்குப் பணியாற்றச் சென்றார். அங்கே அவரிடம் ஒரு நோயாளியைக் காட்டினர். வயது இருபத்தொன்று, உருவமோ பத்து வயதுச் சிறுவனுடையது. கடுமையான இரத்தச்சோகை, பருவ வளர்ச்சி இல்லை. உணவு பெரும்பாலும் புளிக்காத மாவில் சுட்ட கோதுமை ரொட்டி மட்டுமே. அதோடு மண்ணும் தின்று வந்தான். சுற்றிலும் இருந்த சிற்றூர்களிலிருந்து அவனைப் போன்ற வேறு பலரும் வந்தனர்.

இரத்தச்சோகைக்கு இரும்புக் குறை காரணமாகலாம். ஆனால் வளர்ச்சி நின்றுபோனதற்கு அது மட்டும் காரணமாக முடியாதே என்று பிரசாத் சிந்தித்தார். இரும்பைத் தடுத்த அதே உணவு துத்தநாகத்தையும் தடுத்திருக்கலாம் என்னும் ஐயத்தை 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் எழுப்பினார். மனிதனுக்குத் துத்தநாகக் குறை ஏற்படவே வாய்ப்பில்லை என்று மருத்துவ உலகம் எண்ணியிருந்த காலம் அது. காளான் இனத்தைச் சேர்ந்த ஒருவகைக் கருநிறப் பூஞ்சைக்குத் துத்தநாகம் தேவை என்பதைப் பாஸ்டரின் மாணவர் ஜூல் ரோலன் 1869இலேயே கண்டிருந்தார். எனினும் மனிதனைப் பற்றி எவரும் அப்படி எண்ணவில்லை. பிரசாத் பின்னர் எகிப்துக்குச் சென்று, அதே போன்ற இளைஞர்களின் இரத்தத்தில் துத்தநாகம் குறைந்திருப்பதை நிறுவினார். துத்தநாகம் கொடுக்கப்பட்டவர்கள் ஓராண்டில் ஐந்தங்குலத்துக்கும் மேலாக உயர்ந்தனர். பருவ வளர்ச்சியும் எய்தினர். மரபணுச் செய்தியைப் படித்துப் புரதங்களை உண்டாக்கும் நொதிகளிலேயே துத்தநாகம் இருப்பதால், அது குறைந்தால் வளர்ச்சி தடைப்படுவது இயல்பே. முந்நூற்றுக்கும் மேற்பட்ட நொதிகள் துத்தநாகத்தை நாடி நிற்கின்றன என்று இன்று அறிகிறோம். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாகமும் கொடுக்கவேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2004ஆம் ஆண்டில் பரிந்துரைத்ததற்கு வழிகோலியது, ஷிராசில் தொடங்கிய அந்தத் தேடலே.

ரொட்டி எப்படி உலோகத்தைத் தடுக்கிறது? தானியங்களிலும் பருப்புகளிலும் ஃபைட்டேட் என்னும் பொருள் உள்ளது. எதிர்மின்னூட்டம் மிகுந்த அது, நேர்மின்னூட்டமுள்ள இரும்பையும் துத்தநாகத்தையும் குடலிலேயே இறுகப் பற்றிக்கொள்கிறது. தட்டில் இருந்த இரும்பு இரத்தத்துக்கு வந்து சேர்வதில்லை. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவற்றால் இந்த ஃபைட்டேட் குறைகிறது. நம் பாட்டிமார் கூழைப் புளிக்கவைத்ததும், அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைத்து இரவு முழுவதும் பொங்க விட்டதும் சுவைக்காக மட்டுமல்ல என்று இப்போது தோன்றுகிறது. எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவற்றிலுள்ள வைட்டமின் சி, காய்கறி உணவின் இரும்பைக் குடல் ஏற்க உதவுகிறது. உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீரோ அதைத் தடுக்கிறது.

இதைப் படித்ததும் கடைக்கு ஓடி இரும்பு மாத்திரை வாங்கவேண்டாம். ஏனெனில் கட்டற்ற இரும்பு ஒரு நஞ்சு. கேட்டலேசின் பிடிக்குள் பெராக்சைடை அடக்குகின்ற அதே இரும்பு, பிடியின்றித் திரியும்போது அதே பெராக்சைடிலிருந்து உயிரணுவைச் சிதைக்கும் கொடிய பொருளை உண்டாக்குகிறது. ஆகவேதான் உடல் அதை ஃபெரிட்டின் என்னும் புரதக் கூண்டில் அடைத்துச் சேமிக்கிறது. ஒரு கூண்டுக்குள் 4,500 இரும்பணுக்கள் வரை அடங்கும். மிகுதியான இரும்பை வெளியேற்றவென்று தனி வழி நம் உடலில் இல்லை. இரும்பு மாத்திரைகளை மிட்டாய் என்று நினைத்துத் தின்ற குழந்தைகள் இறந்ததும் உண்டு. அளவை மருத்துவர் சொல்லவேண்டும். புட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும்.

சில வாரங்கள் சென்றன. சிறுமி சிலேட்டுக் குச்சியை எழுதுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறாள் என்று ஆசிரியை சொன்னாராம். இரத்தம் முழுதும் தேறுவதற்கு முன்பே அந்த நாட்டம் அகன்றுவிடுவது பலரிடம் காணப்படுவதுதான் என்றார் சகோதரி. மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டியிருந்தது. இந்த நற்செய்தியைச் சொல்லத் தந்தை வந்த அன்று, நாம் பல நாள் ஒத்திவைத்திருந்ததைச் செய்தோம். அவரை எதிரே அமரச் செய்து, "அந்த மூன்று இரவுகளுக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்" என்றோம்.

அவர் பதறி எழுந்துவிட்டார். "ஐயோ, விடுங்க சாமி. அப்ப யாருக்குத் தெரியும் இதெல்லாம்?"

பெருந்தன்மையோடு அவர் தந்த அந்தச் சமாதானத்தை ஏற்றுக்கொள்ள நமக்கு விருப்பந்தான். ஆனால் அது உண்மையன்று. நாம் அச்சிறுவனை மண்டியிடச் செய்ததற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் முன்பே ஷிராசின் மண்தின்னும் இளைஞனைப் பற்றி அச்சிலே வந்துவிட்டது. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆயுர்வேத நூலார் மண்ணுண்பதையும் பாண்டு நோயையும் சேர்த்தே பேசியிருக்கின்றனர். தெரிந்தவர்கள் இருந்தார்கள். நாம் கேட்கவில்லை. குருமடத்தில் தத்துவமும் இறையியலும் கற்று, மனிதனின் ஆன்மாவைப் பற்றியும் உடலைப் பற்றியும் தேர்வு எழுதித் தேறியவர் நாம். ஒரு சிறுவன் ஏன் சுண்ணாம்பைத் தின்கிறான் என்று அவனிடமே கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நம் சமையற் கணக்கைத் திருத்தவேண்டி வந்திருக்கும்.

அவரிடம் அதையும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "கஞ்சி நல்லாத்தான் இருக்கும் சாமி. ரெண்டாவது தடவ கேட்கத்தான் பயமா இருக்கும்" என்றார்.

2019–21இல் நடத்தப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு அறுபத்தேழு பேர் இரத்தச்சோகை உடையவர்கள். நம் மறைக்கல்வி வகுப்புகளில் அமரும் பிள்ளைகளிலும் பலர் அப்படி இருந்திருக்கக்கூடும். பள்ளிகளில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச் சத்து மாத்திரையையும், ஆண்டுக்கு இருமுறை தரப்படும் குடற்புழு மாத்திரையையும் நம் பிள்ளைகள் சன்னல் வழியே எறிந்துவிடாமல் விழுங்குகிறார்களா என்று பெற்றோர் கேட்டறிவது நலம். நம் பங்கில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இப்போது முளைகட்டிய பயறு எலுமிச்சைச்சாறு பிழிந்து கொடுக்கப்படுகிறது. இரண்டாம் முறை கேட்பவர்க்கும் உண்டு. கணக்கில் மிச்சம் இல்லை.

சென்ற மாதம் மறைக்கல்வி ஆசிரியை ஒருவர், புதிதாகச் சேர்ந்த சிறுவன் ஒருவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். கோயிற் சுவரின் வெள்ளையைச் சுரண்டித் தின்றானாம். உதட்டில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அடி விழும் என்று அஞ்சி அவன் தோள்களைக் குறுக்கிக்கொண்டு நின்றான். நாம் அவனைச் சன்னலின் வெளிச்சத்துக்கு அழைத்துச் சென்று, கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லி, கீழிமையை மெல்ல இழுத்துப் பார்த்தோம்.